கடைசி ஆளுக்கும் முழுப்பேர்

வட்டவளை என்றதும் மழைதான் நினைவுக்கு வரும். இலங்கைத் தீவில் மிகுதியாக மழை பெறும் ஊர்களை எண்ணுவோர் இவ்வூரை முதல் வரிசையில் வைத்தே எண்ணுவர். ஆண்டொன்றுக்கு 5,000 மில்லிமீற்றருக்கும் மேலாக இங்கு வானம் பொழிகின்றது. வைகாசியில் தொடங்கும் தென்மேல் பருவக்காற்று மலையைத் தழுவிவிட்டால், நாட்கணக்கில் சூரியனைக் காணாமலே பொழுது புலர்ந்து பொழுது சாயும். கொழுந்துக்கு அம்மழை நல்லது. கொழுந்து எடுப்பவளுக்கு எத்தகையது என்பதை அவளிடமே கேட்டறிய வேண்டும்.

அத்தகைய மழைக்கால ஞாயிறு ஒன்றின் மாலையில், மலைநாட்டில் நெடுங்காலமாக இறைபணி ஆற்றிவரும் போதகர் ஒருவருடன் வட்டவளைக்கு அயலிலுள்ள தோட்டம் ஒன்றுக்குச் சென்றிருந்தோம். தோட்டத்தின் பெயர் இங்கு வேண்டியதில்லை. ஒரு லயத்தின் இஸ்தோப்பிலே பாய் விரித்து, பத்துப் பன்னிரண்டு பேர் அமர்ந்திருந்தனர். அவர்களுள் சிலர் ஆலயத்தைச் சேர்ந்தவர்கள். சிலர் அடுத்த காம்பிராவிலிருந்து வந்த சைவர்கள். மழைக்கு ஒதுங்கியவர்களும் இருந்தனர். யாரும் யாரையும் வித்தியாசமாக நோக்கவில்லை. மலைநாட்டு லயத்தில் கூரை ஒன்றுதானே!

போதகர் அன்றைக்கு எடுத்துக்கொண்ட வேதபாடம் மத்தேயு நற்செய்தியின் இருபதாம் அதிகாரம். அக்கதையை நேயர்களுட் பலர் அறிந்திருப்பர். திராட்சத் தோட்டமொன்றின் எஜமான் விடியற்காலையிலே சந்தைவெளிக்குச் சென்று, நாளொன்றுக்குத் தெனாரியம் என்னும் வெள்ளிக்காசு ஒன்று கூலியாகப் பேசி, ஆட்களைத் தோட்டத்துக்கு அனுப்புகிறான். காலை ஒன்பது மணிக்கும், நண்பகலிலும், பிற்பகல் மூன்று மணிக்கும் மறுபடியும் சென்று இன்னும் சிலரை அனுப்புகிறான். பொழுது சாய்வதற்கு ஒரு மணி நேரம் இருக்கும்போதும் அங்கே சிலர் நிற்கின்றனர். ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று வினவ, எங்களை வேலைக்கு அழைப்பார் எவருமில்லை என்கின்றனர். அவர்களையும் அனுப்புகிறான். மாலையில் கூலி கொடுக்கும் வேளை வருகிறது. கடைசியில் வந்தவர்களுக்கும் ஒரு முழுக்காசு; விடியலில் வந்தவர்களுக்கும் அதே ஒரு காசு. முதலில் வந்தவர்கள் முணுமுணுக்கின்றனர்.

இதனை வாசித்து முடித்த போதகர் விளக்கவுரையைத் தொடங்குமுன், சுவரோரமாகச் சாய்ந்திருந்த முதிய பெண்மணி ஒருவர், தலைமுக்காட்டைச் சற்று விலக்கி, “ஏங்கய்யா, அஞ்சு மணிக்கு வந்த ஆளுக்கும் அந்தத் தொரை முழுப்பேரு போட்டுட்டாரா?” என்று கேட்டார்.

ஒரு கணம் அங்கு மழையின் ஓசை தவிர வேறெதுவும் கேட்கவில்லை.

தோட்ட வாழ்க்கையை அறியாத அன்பர்களுக்கு இவ்வினாவின் ஆழம் விளங்காது. ஆதலின் சிறிது விளக்குதல் நம் கடமையாகின்றது. தோட்டத்தில் ‘பேர்’ என்பது ஒருவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் மாத்திரமன்று. ஒரு நாள் உழைப்பின் கணக்கும் அதுவே. செக்றோலில் பேர் விழுந்தால் கூலி உண்டு, விழாவிட்டால் இல்லை. நாளுக்கு இத்தனை கிலோ கொழுந்து என்று ஓர் அளவு நிர்ணயிக்கப்பட்டிருக்கும். கொழுந்து மடுவத்தில் தராசு அந்த அளவைக் காட்டினால் முழுப்பேர். அதற்குக் குறைந்தால் அரைப்பேர். கொட்டும் மழையில் மலையேறி, அட்டைக்கடி பட்டு, படங்கு இடுப்பில் கனக்க நின்று எடுத்த கொழுந்து, அளவுக்கு ஒரு கிலோ குறைந்தமையால் அந்நாள் அரைநாளாகிவிடுவதுண்டு. அதன்மேல், ஈரக்கொழுந்தாயின் தண்ணீருக்கென்று ஒரு கழிவு. கூடைக்கோ சாக்குக்கோ மற்றொரு கழிவு. 2021 ஆம் ஆண்டில் நாட்கூலி 1000 ரூபாய் என வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட பின்னர், கொழுந்தின் அளவு உயர்த்தப்படுகிறது என்றும் அரைப்பேர் பெருகுகிறது என்றும் மலைநாடெங்கும் முறைப்பாடு எழுந்தமை செய்தித்தாள் படிப்போர் அறிந்ததே.

அந்த முதிய பெண்மணியின் மருமகளுக்கு அந்த வாரத்தில் மாத்திரம் இரண்டு அரைப்பேர் விழுந்திருந்தது. அவர் கேட்டது வேதாந்த வினா அன்று, அடுப்பங்கரை வினா. ஆயினும் வேதத்தின் உள்ளே நேராகச் சென்று நிற்கும் வினாவும் அதுவே.

போதகர் பின்னர் எம்மிடம் மனந்திறந்து கூறினார். அவர் ஆயத்தம் செய்திருந்த விளக்கம் வேறு: காலந்தாழ்த்தி மனந்திரும்பியவனையும் இறைவன் ஏற்றுக்கொள்வான் என்பது அதன் கருத்து. அது தவறான விளக்கமன்று. ஆலயங்களில் வழிவழியாகக் கூறப்பட்டு வருவதே. ஆனால் அந்தப் பெண்மணி அக்கதையைக் கேட்ட இடம் வேறு. நாம் அதனை உவமை என்று கேட்கிறோம். அவர் அதனைப் பெரட்டுக் களத்துச் செய்தியாகவே கேட்டார். எஜமான் ஆள் எடுத்த நேரங்களும், அவர் வாழ்நாளெல்லாம் கண்ட காலைப் பெரட்டும் பகல் நிறுவையும் அந்தி நிறுவையும் அவருக்கு ஒன்றாகவே தோன்றின. இயேசுபிரான் காலத்தில் இத்தகைய கதைகளைக் கேட்டவர்களுட் பலரும் அவரைப் போலவே கூலிக்குக் காத்திருந்தவர்கள் அல்லரோ?

அக்காலத்தில் தெனாரியம் ஒன்று ஒரு நாட்கூலி. ஒரு குடும்பம் அன்றைய பொழுதை ஓட்டுவதற்கு வேண்டியது அது. அரைக் காசில் அரை வயிறுதான் நிரம்பும். ஐந்து மணிக்கு வந்தவனுக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கைக் கொடுத்திருந்தால் கணக்கு நேராகியிருக்கும். அவன் பிள்ளைகள் பசியோடு உறங்கியிருப்பர். எஜமான் அவனுடைய உழைப்பை நிறுக்கவில்லை. அவனுடைய தேவையை நோக்கினான். அவன் சோம்பேறியாக நின்றவனல்லன், அழைப்பாரின்றி நின்றவன் என்பதையும் வேதம் தெளிவாகக் குறித்திருக்கின்றது.

அப்போது அப்பெண்மணியின் பேரன், உயர்தர வகுப்பில் பயிலும் மாணவன், “அப்படின்னா காலையிலேருந்து நனைஞ்ச ஆளுக்கு அது நியாயமாங்கய்யா?” என்று எழுந்து கேட்டான். நல்ல கேள்வி. மாணவர்கள் இத்தகைய கேள்வியைக் கேட்க அஞ்சலாகாது. போதகர் நிதானமாக மறுமொழி கூறினார்: “தம்பி, காலையில் வந்தவனுக்குப் பேசிய கூலியில் ஒரு சதமும் குறையவில்லை. அவன் கோபம், தனக்குக் குறைந்ததால் வந்ததன்று. மற்றவனுக்குக் கிடைத்ததால் வந்தது.” இதைக் கேட்டு அங்கிருந்த பெண்கள் இருவர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். ஒரு மலையில் நிற்கும் இருவருள் ஒருத்திக்கு முழுப்பேரும் மற்றவளுக்கு அரைப்பேரும் விழும் நாளிலே, லயத்தில் எத்தகைய மனத்தாங்கல் உண்டாகும் என்பதை அவர்கள் அறிவர்.

உவமை ஊதியச் சட்டமன்று. அதனை எடுத்துக்கொண்டு எவரும் சம்பளச் சபைக்குச் செல்ல முடியாது. ஆனால் வேதத்தில் சட்டமும் இருக்கின்றது. ஏழைக் கூலியாளின் கூலியைப் பொழுது சாயுமுன் கொடுத்துவிட வேண்டும், அவன் உன் சகோதரனாயினும் உன் ஊரில் தங்கியிருக்கும் அந்நியனாயினும் சரியே என்று உபாகமத்தின் இருபத்துநான்காம் அதிகாரம் விதிக்கின்றது. மறித்து வைக்கப்பட்ட கூலி தானே கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு தம் நிருபத்தில் எச்சரிக்கின்றார். இவ்வளவும் எழுதப்பட்டிருக்கும் நூலைக் கையில் ஏந்திச் செல்லும் பணி, தோட்டத்தில் எப்படி நடந்து வந்தது என்று நோக்குதல் பயன்தரும்.

1854 ஆம் ஆண்டில், மலைநாடு கோப்பித் தோட்டமாக இருந்த காலத்திலே, சேர்ச் மிஷனரி சங்கத்தார் இங்கு ஒரு பணியைத் தொடங்கினர். திருநெல்வேலியில் ஊழியம் செய்து அனுபவம் பெற்றிருந்த செப்டிமஸ் ஹொப்ஸ் என்பார் அதற்குத் தலைமை தாங்க வந்தார். தமிழறிந்த உபதேசியார்கள் தென்னாட்டிலிருந்து வந்து, தோட்டந்தோட்டமாக நடந்து, களத்திலும் லயத்திலும் வேதம் வாசித்தனர். எழுத்தறிவு எட்டாதிருந்த பிள்ளைகள் பலருக்கு அகரம் கற்பித்த பெருமை அவர்களுக்கு உண்டு. அதனை நன்றியோடு நினைத்தல் முறை. ஆனால் அப்பணிக்கு வைத்த பெயர் யாது? ‘தமிழ்க் கூலி மிஷன்’ என்பதே. பெயர் சொல்லி அழைக்கும் இறைவனை அறிவிக்க வந்தவர்கள், கேட்பவர்களைக் ‘கூலி’ என்றே எழுதிவைத்தனர். பிற்காலத்தில் அச்சொல் நீங்கி, தமிழ்ச் சபை மிஷன் என்றாயிற்று.

மற்றொன்றும் உண்டு. அப்பணிக்கான பணத்திற் பெரும்பங்கைக் கொடுத்தவர்கள் தோட்டத் துரைமார். ஆகவே உபதேசியாருக்குத் தோட்டத்தின் வாயில் திறந்திருந்தது. அதே வாயில் மற்றவர்களுக்கு அடைபட்டிருந்தது. தொழிலாளர் நிலையை அறிய விரும்பிய கோ. நடேசய்யர் துணி வியாபாரியைப் போல வேடம் பூண்டே தோட்டத்துக்குள் நுழைய வேண்டியிருந்தது. 1931 இல் தோட்டத் தொழிலாளருக்கென ஒரு சம்மேளனத்தை நிறுவியவர் அவர். ஒருவர் வேதப் புத்தகத்தோடு முன்வாயிலாற் சென்றார். மற்றவர் துணிமூட்டையோடு மறைவாகச் சென்றார். திறந்த வாயிலாற் சென்றவர் கூலியைப் பற்றிய அதிகாரங்களை எத்தனை முறை உரத்து வாசித்தார் என்னும் வினா, இன்றும் ஊழியம் செய்வோர் ஒவ்வொருவரும் தம்மைத் தாமே கேட்கவேண்டிய வினா ஆகும். வாயில் திறந்திருப்பதற்காக வாய் மூடியிருத்தல் ஆகாது.

நிற்க. செக்றோலில் பேர் விழாததைவிடப் பெரிய இழப்பொன்று இம்மக்களுக்கு நேர்ந்தது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், முன்னோர் இம்மண்ணிற் பிறந்ததற்குச் சான்று கேட்டது. காட்டை அழித்துத் தோட்டமாக்கியவர்களின் பிறப்பை எழுதிவைத்தவர் யார்? நாட்டின் பெயரேட்டிலிருந்து பெருந்தொகையினர் விடுபட்டனர். 1964 ஒக்டோபர் 30 இல் கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனத் தலைகளைப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. வட்டவளை நிலையத்திலும் எத்தனையோ குடும்பங்கள் பிரிந்து அழுதிருக்கும். 2003 இல் இயற்றப்பட்ட சட்டத்தோடுதான் எஞ்சியிருந்தோர்க்கும் இந்நாட்டுக் குடியுரிமை உரியதாயிற்று. ஐம்பத்தைந்து ஆண்டுகள்! பாபிலோனிலிருந்து திரும்பியவர்களுள் சிலர் தங்கள் வம்ச அட்டவணையைத் தேடியும் காணாமையால் ஆசாரியப் பணியிலிருந்து விலக்கப்பட்டனர் என்று நெகேமியாவின் நூல் கூறும். அவ்வரிகளை மலைநாட்டான் ஒருவன் வாசிக்கும்போது, அது பழைய கதையாக அவனுக்குத் தோன்றுமா?

அக்காலத்திலே ஆலயத்துக்குள்ளிருந்து இம்மக்களுக்காகக் குரல் எழுப்பியவர்களும் இருந்தனர். இயேசு சபைத் துறவியான போல் கஸ்பர்ஸ் 1972 இல் கண்டியில் ‘சத்தியோதய’ என்னும் நிலையத்தைத் தொடங்கி, தோட்ட மக்களின் குடியுரிமைக்காகவும் உரிமைகளுக்காகவும் நெடுங்காலம் எழுதியும் பேசியும் உழைத்தார். அவருடைய பணியில் மதம் மாறியவர் எத்தனை பேர் என்று எவரும் கணக்குக் கேட்டதில்லை. எவருடைய துயரத்தை அவர் ஊரறியச் சொன்னார் என்பதே பேசப்பட்டது.

இன்றைய நிலை என்ன? லயத்துக்கு லயம் கைத்தொலைபேசி வந்துவிட்டது. சென்னையிலும் கொழும்பிலும் நிகழும் பிரசங்கங்கள் அதன் வழியே இரவெல்லாம் ஒலிக்கின்றன. காணிக்கை அனுப்பினால் கடன் தீரும், நம்பினால் செல்வம் பெருகும் என்று உரத்த குரலில் உறுதி கூறுவோரும் அவர்களுள் உளர். சிறுகடன் வாங்கி வாரந்தோறும் தவணை கட்டத் தவிக்கும் பெண்ணுக்கு அச்சொல் எவ்வளவு இனிமையாக இருக்கும் என்பதை நாம் உணராமலில்லை. ஆனால் அரைப்பேர் விழுந்த வாரத்தில் அவளிடம் காணிக்கை கேட்பது, அரைக் காசிலும் ஒரு பங்கைக் கேட்பதாகும். திராட்சத் தோட்டத்து எஜமான் கேட்டவனல்லன், கொடுத்தவன். நம் கூட்டத்தில் இத்தனை பேர் சேர்ந்தனர் என்று எண்ணிக்கை காட்டும் ஊழியமும் ஒருவகைச் செக்றோலே. அதிலும் மனிதன் ஒரு பேராகத்தான் விழுகிறான்.

அந்த ஞாயிறு மாலை எங்ஙனம் முடிந்தது என்று நேயர்கள் கேட்கலாம். போதகர் தம் விளக்கவுரையை அன்று கூறவில்லை. வேதப் புத்தகத்தை மூடிவைத்து, அப்பெண்மணியை நோக்கி, “ஆமாம் அம்மா, அந்த எஜமான் முழுப்பேர்தான் போட்டார். நம்ம கணக்கு எப்படி இருக்கிறது என்று பார்ப்போமா?” என்றார். பேரனிடம் ஒரு கொப்பியை எடுத்துவரச் சொன்னார். நாள், ஒவ்வொரு நிறுவையிலும் கண்ட கிலோ, தண்ணீருக்கும் சாக்குக்கும் கழித்தது, விழுந்த பேர் என்று நான்கு கட்டம் கோடிட்டுக் கொடுத்தார். தாய் சொல்ல மகன் எழுதவேண்டும் என்பது ஏற்பாடு. அடுத்த வாரத்தில் ஒரு நாள், கணக்கப்பிள்ளையின் அனுமதி பெற்று, அந்தி நிறுவைக்கு மடுவத்திலும் போய்ச் சற்று நேரம் நின்றார். எவரோடும் வாதாடவில்லை. அன்று நிறுவை வழக்கத்தைவிட நிதானமாக நடந்தது என்று பெண்கள் பின்னர் சொல்லிக்கொண்டனர்.

மாத முடிவில் கொப்பியையும் சம்பளச் சீட்டையும் ஒப்பிட்டனர். இரண்டு நாள் கணக்கு ஒத்துவரவில்லை. தொழிற்சங்கத் தலைவரை உடன் அழைத்துக்கொண்டு, மருமகளே அலுவலகம் சென்று கொப்பியைக் காட்டினாள். ஒரு நாள் திருத்தப்பட்டது. மற்ற நாள் திருத்தப்படவில்லை. இதனைப் பெரிய வெற்றியென்று நாம் கூறமாட்டோம். இப்போது அந்த லயத்தில் இன்னும் நான்கு வீடுகளில் கொப்பி இருக்கின்றது. அவற்றுள் இரண்டு சைவர்களின் வீடுகள். பிள்ளைகள் எழுதுகின்றனர். மாணவர்களே, நீங்கள் கற்ற எழுத்தும் கணக்கும் உங்கள் தாயின் பேரைக் காப்பதற்கு உதவுமாயின், அதைவிடச் சிறந்த பரீட்சை வேறொன்றில்லை.

இதுகாறும் கூறியது தோட்டத்தைப் பற்றியது. இனி நம்மைப் பற்றி ஒரு வார்த்தை. மலைநாட்டுப் பிள்ளைகள் பலர் இன்று கொழும்பிலும் பிற நகரங்களிலும் கடைகளில் நிற்கின்றனர், வீடுகளில் சமைக்கின்றனர், தரையைத் துடைக்கின்றனர். இத்தாளை வாசிக்கும் இல்லங்கள் சிலவற்றிலும் அவர்கள் இருக்கக்கூடும். ‘பொடியன்’ என்றும் ‘பிள்ளை’ என்றும் அழைக்கிறோம். அவனுடைய முழுப்பெயர் நமக்குத் தெரியுமா? தாய் இருக்கும் ஊர் எது, அடுத்த விடுமுறைக்கு அவன் என்று போவான் என்பன தெரியுமா? நோயுற்றுப் படுத்த நாளில் அவனுக்கு முழுக்கூலி கொடுத்தோமா, அரைக்கூலி பிடித்தோமா?

இன்றிரவு உணவுக்குப் பின், எச்சமயத்தவராயினும், மத்தேயு இருபதாம் அதிகாரத்தின் முதற் பதினாறு வசனங்களைக் குடும்பத்தாரோடு அமர்ந்து வாசித்துப் பாருங்கள். தமிழில் அந்நூலைப் பெயர்க்கும் பணியில், பேர்சிவல் பாதிரியாருக்கு யாழ்ப்பாணத்திலே துணைநின்றவர் சைவம் வளர்த்த ஆறுமுக நாவலர் என்பதை நினைவிற் கொண்டால், அந்நியமாகத் தோன்றாது. வாசிக்கும்போது, வீட்டில் வேலை செய்யும் பிள்ளையையும் அருகில் அழைத்து அமர்த்திக்கொள்ளுங்கள். வட்டவளைப் பெண்மணியின் கேள்வியை அப்பிள்ளை கேட்டால் என்ன மறுமொழி கூறுவது என்று முன்னதாகவே எண்ணி வைத்திருப்பது நல்லது.